கோணங்கிக்கு இரண்டு வேலை

எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் ஒருவனைக் கோணங்கி என்று சொன்னால் அவன் சந்தோஷப்பட மாட்டான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறவன் கோணங்கி. கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கையையும் காலையும் ஆட்டிப் பேசுகிறவன் கோணங்கி. என் ஆச்சிக்கு இந்தச் சொல் நாக்கு நுனியிலேயே இருந்தது. "ஏலே, என்ன கோணங்கி கணக்கா வந்து நிக்க?" என்பாள். கோமாளி என்றால் அதில் கொஞ்சம் செல்லம் இருக்கும், பிள்ளையைக்கூடக் கொஞ்சலாகக் கோமாளி என்று கூப்பிடலாம். கோணங்கியில் செல்லம் கிடையாது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது என்கிற தொனி சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கல்குதிரை என்ற சிற்றிதழை நடத்திய எழுத்தாளரை நினைத்திருப்பார்கள். அவரைப் பற்றியது அல்ல இது. அவர் புனைபெயராக எடுத்துக்கொள்வதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊரில் புழங்கும் சொல் இது. பழைய அகராதிகளைப் புரட்டினால் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, விகடம் செய்கிறவன், அதாவது கூத்திலும் நாடகத்திலும் சிரிக்க வைக்கிற ஆள். இன்னொன்று, குடுகுடுப்பைக்காரன். ஆச்சியின் வாயில் இருந்தது முதல் பொருளின் மிச்சம். இரண்டாவது பொருளைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. மேடையில் சிரிப்பு மூட்டுகிறவனுக்கும், விடிவதற்கு முன்னால் தெருவில் வந்து பயமுறுத்துகிறவனுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

மேடைக் கோணங்கியை இன்றும் அந்தப் பெயரிலேயே பார்க்க வேண்டுமானால் மேலட்டூர் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து அதிக தூரமில்லை, பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் என்று சொல்வார்கள். அதனால் அச்சுதபுரம் என்றும் பெயர் இருந்தது. அங்கே நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, கோடையில், பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம் நடக்கிறது. வசனமும் பாட்டும் தெலுங்கு. பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் தமிழர்கள். நடிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள்தான், லீலாவதியும் சந்திரமதியும் உட்பட. நாடகங்களில் பெரும்பாலானவை அந்த ஊர்க்காரரான வெங்கடராம சாஸ்திரி எழுதியவை. பிரகலாத சரித்திரம், அரிச்சந்திரா, உஷா பரிணயம், மார்க்கண்டேயா என்று போகும் பட்டியல்.

இரவு சாப்பாடு முடிந்து ஊர் கூடியதும் மேடையில் முதலில் யார் வர வேண்டும்? பிள்ளையார் என்று நினைப்போம். இல்லை, கோணங்கி. உயரமான கூம்புக் குல்லாவோடு, உடம்பை வளைத்தும் துள்ளியும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறான். அவனுடைய வேலை சத்தம் போடுகிற கூட்டத்தை அமைதிப்படுத்துவது. ஊரிலேயே அதிகமாகச் சேட்டை பண்ணுகிறவனை விட்டுத்தான் மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் மனிதர்களை நன்றாகப் படித்தவர். கோணங்கி போன பிறகுதான் பாகவதர்கள் தோடய மங்களம் என்கிற இறைவணக்கம் பாடுவார்கள். அதற்கும் பிறகு, ஒரு சிறுவன் முகமூடி அணிந்து பிள்ளையாராக வருவான். அப்புறம்தான் கதை.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலட்டூர் நாடகம் பொழுதுபோக்கு மட்டும் அல்ல, அது வழிபாடும்கூட. பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு, அதை அணிபவர் விரதம் இருப்பார். தூண் பிளந்து அவர் வெளியே வரும் கட்டத்தில் ஆவேசம் வந்துவிடும் என்று பக்கத்தில் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஓர் இரவின் வாசலை ஒரு கோமாளி திறந்துவைக்கிறான். பிள்ளையாருக்கும் முந்தி வருகிற உரிமை அவனுக்கு இருக்கிறது. இதை ஏதோ கூட்டம் சேருகிற வரைக்கும் நேரத்தை ஓட்டுகிற ஏற்பாடு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரத்தை ஓட்டத்தான் என்றால் இத்தனை தலைமுறையாக அதே குல்லா, அதே இடம் என்று காப்பாற்றிவைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

சரி, இரண்டாவது கோணங்கிக்கு வருவோம்.

எங்கள் ஊரில் குடுகுடுப்பைக்காரனைச் சாமக்கோடாங்கி என்பார்கள். சாமத்தில் வருவதால் சாமக்கோடாங்கி. நாய்கள் குரைக்கும் சத்தம் தெருக்கோடியில் தொடங்கி வீடு வீடாக நெருங்கி வரும். கூடவே குடுகுடுவென்று அந்தச் சின்ன உடுக்கை. சுடுகாட்டில் பூஜை முடித்துவிட்டு நேராக வருகிறான், அவனை எதிரே போய்ப் பார்க்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிவைத்த சட்டம். "நல்ல காலம் பொறக்குது, நல்ல காலம் பொறக்குது" என்று ஆரம்பிப்பான். வீட்டுக்கு வீடு ஜக்கம்மா வேறு வேறு சேதி சொல்வாள். கிழக்கே போன காரியம் கைகூடும், இந்த வீட்டு ஆம்பளைக்கு ஒரு கண்டம் இருக்கு, தை பிறந்தால் தீரும். போர்வைக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்போம். ஆச்சி எழுந்து உட்கார்ந்திருப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

ஆனால் விடிந்த பிறகு அதே ஆள் காசுக்கும் அரிசிக்கும் பழைய துணிக்குமாக வருவான் பாருங்கள், அப்போது தெரியும் இவனுக்கும் மேடைக்கும் உள்ள உறவு. தலையில் பெரிய முண்டாசு, யாரோ கொடுத்த பழைய கோட்டு, அதன்மேல் வாங்கிய சால்வைகள் எல்லாம் அடுக்கடுக்காகத் தொங்கும். ஒரு நிறத்துக்கு இன்னொரு நிறம் சேராது. இரவில் நடுங்கவைத்தவன் பகலில் வேடிக்கைப் பொருளாகி நிற்பான், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். வீட்டுக்காரர்கள் அவனைக் கேலியும் செய்வார்கள், அவன் சொன்ன கண்டத்துக்குப் பரிகாரமும் கேட்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய எப்படித்தான் முடிந்ததோ. ஆச்சி எங்களைத் திட்டத்தான் கோணங்கி என்பாளே தவிர, அவன் வந்து நின்றால் "கோடாங்கி வந்திருக்காரு, அரிசி கொண்டா" என்று மரியாதை விகுதி போட்டுத்தான் பேசுவாள்.

மதுரை, தேனிப் பக்கம் கோடாங்கி என்றால் இன்னும் கனமான ஆள். உடுக்கையை அடித்து, சாமியை வரவழைத்து, பேய் பிடித்தவர்களுக்கும் பிள்ளை இல்லாதவர்களுக்கும் குறி சொல்பவர். "கோடாங்கி பார்த்துட்டு வாங்க" என்று இன்றைக்கும் அனுப்புகிறார்கள். அங்கே யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகப் பார்த்தவர் பாரதி. அவருடைய "நல்ல காலம் வருகுது, நல்ல காலம் வருகுது, சாதிகள் சேருது, சண்டைகள் தொலையுது" பாட்டை எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆண்டுவிழாவில் யாராவது ஒரு பையனுக்கு முண்டாசு கட்டிவிட்டுப் பாடவைப்பார்கள். ஆனால் பாட்டின் தலைப்பு எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? "புதிய கோணங்கி". குடுகுடுப்பைக்காரன் என்று வைக்கவில்லை. வேதபுரத்தாருக்குக் குறி சொல்லு என்று சக்தியைக் கூப்பிடுகிறானே, அந்த வேதபுரம் புதுச்சேரி. 1908-இல் பாரதி பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி வந்து பத்து ஆண்டுகள் கிடந்த ஊர்.

அந்தக் கோணங்கி முதலில் எல்லாக் குடுகுடுப்பைக்காரர்களையும் போல நல்ல சேதிதான் சொல்கிறான். தரித்திரம் போகுது, செல்வம் வருகுது, படிப்பு வளருது. அடுத்து வருவதைப் பாருங்கள். "படிச்சவன் சூதும் பாவமும் பண்ணினால் போவான், போவான், ஐயோவென்று போவான்!" அரிசி வாங்க வந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து இப்படிச் சொல்ல மாட்டான். இது மேடையில் நிற்கும் விகடன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து வீசுகிற வரி. உடுக்கை சத்தத்தில் சொன்னதால் சாபமாகவும் கேட்கிறது, சிரிப்பாகவும் கேட்கிறது. தேசத்துரோக வழக்குகள் குவிந்துகொண்டிருந்த காலத்தில் இதைவிட வசதியான வேஷம் என்ன இருக்கிறது? குறி சொல்பவன் சொன்னதற்கு அவன் பொறுப்பில்லை, ஜக்கம்மா பொறுப்பு. விகடன் சொன்னதற்கும் அவன் பொறுப்பில்லை, அது சும்மா வேடிக்கை. இந்த இரட்டைக் கவசம்தான் கோணங்கியின் சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு தொழிலுக்கும் ஒரே பெயர் வந்ததற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் தேடப்போவதில்லை.

வேலைக்காகப் பெங்களூரில் இருந்த நாட்களில் இந்தச் சொல் வேறு உருவத்தில் எதிரே வந்தது. கூட வேலை பார்த்த ஒருவனுக்குக் கடன் கொடுத்துவிட்டு, மாதக்கணக்காகக் கேட்டும் வராமல் நான் புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த மண்டியா ஊர்க்காரர் சிரித்துவிட்டு ஒரு பழமொழி சொன்னார்: "கொட்டோனு கோடங்கி, இஸ்கொண்டோனு ஈரபத்ர." கொடுத்தவன் கோடங்கி, வாங்கிக்கொண்டவன் வீரபத்திரன். எனக்குக் கோடங்கி என்றதும் உடுக்கையும் குறியும்தான் மனதில் வந்தது. கடன் கொடுத்தவன் ஏன் குறி சொல்ல வேண்டும் என்று குழம்பினேன். கன்னடத்தில் கோடங்கி என்றால் கோமாளி, முட்டாள். வேறொன்றும் இல்லை. (பணம் கடைசிவரை வரவில்லை. வீரபத்திரன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.)

அங்கேயும் சொல் மேடையிலிருந்து இறங்கியதுதான். கர்நாடகத்துக் கூத்தான யட்சகானத்தில் கதை தொடங்குவதற்கு முன்னால் பூர்வரங்கம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் முதலில் ஆடவருகிறவர்களின் பெயர் கோடங்கி. பெரிய கிரீடமோ ஒப்பனையோ இல்லாமல், தொழில் பழகவந்த சிறுவர்கள் அடிப்படை அடவுகளை ஆடிக்காட்டுவார்கள். தப்புவார்கள், ஒருவரை ஒருவர் இடிப்பார்கள், கூட்டம் சிரிக்கும். பிறகு பாலகோபாலன் வேஷம், பெண் வேஷம் என்று படிப்படியாகப் போகும். உண்மையான நகைச்சுவைக்கு அங்கே ஹாஸ்யகாரர் என்று தனி ஆள் இருக்கிறார், அவர் குழுவிலேயே பழுத்த அனுபவசாலியாக இருப்பார். கோடங்கி கடைநிலைப் பயிற்சியாளன். ஆக கன்னடத்துக் கோடங்கியும் முதலில் வருகிறவன்தான், ஆனால் மேலட்டூர்க் கோணங்கிக்கு இருக்கிற அதிகாரம் அவனுக்கு இல்லை.

தெலுங்கில் கோணங்கி விகடன். தமிழில் கோணங்கி விகடனும் குறிக்காரனும். தென்தமிழ்நாட்டுக் கோடாங்கி குறிக்காரன் மட்டும். கன்னடக் கோடங்கி விகடன் மட்டும். எல்லை தாண்டும்போதெல்லாம் சொல் ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. இதில் ஜாதிப் பெயர் வேறு கலந்துகொள்ளும். தெலுங்கு பேசும் நாடோடிக் குடிகளுக்கும் கோணங்கி என்று பெயர் உண்டு. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கர்நாடகத்துத் தோல்பாவைக் கூத்தில் வரும் கோமாளிப் பாவையின் பெயர் கில்லேகியாத்த. அந்தப் பாவையை ஆட்டுகிற சமூகத்துக்கே கில்லேகியாத்தர் என்று பெயர் ஆகிவிட்டது. ராமனையும் ராவணனையும் இரவு முழுக்க ஆட்டினாலும் ஊர் அவர்களைக் கோமாளியின் பெயரால்தான் கூப்பிட்டது.

கோணங்கியும் கோடங்கியும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பா, தனித்தனிச் சொற்களா என்பதை மொழியியல் படித்தவர்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது வேறு. தமிழில் கோணுதல் என்றாலும் வளைதல், கோடுதல் என்றாலும் வளைதல். "ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி" என்று தராசைக் காட்டிச் சொல்கிறார் வள்ளுவர். குடியை இழக்கும் அரசனைச் சொல்லும்போது "கோல்கோடி" என்கிறார். நேராக இருப்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். கூத்து மேடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவன் ராஜா. அவனுக்கு முன்னால் இடுப்பை ஒடித்து, வாயைக் கோணி, காலைக் கோணி வந்து நிற்பவன் கோணங்கி. உடம்பு நேராக இருப்பவன் பொய் சொல்வதும், கோணலாக நிற்பவன் உள்ளதைச் சொல்வதும் எல்லாக் கூத்திலும் நடக்கும். சொல்லின் வேர் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் பார்க்கும்போது அப்படித்தான் கேட்கிறது.

வடமாவட்டத் தெருக்கூத்தில் இந்த வேலையைக் கட்டியங்காரன் பார்க்கிறான். அந்தப் பெயருக்கும் சுவையான கதை உண்டு. கட்டியம் என்பது ராஜா வருகிறார், பராக் என்று விருதுகளை அடுக்கிப் புகழ்வது. கோயிலில் சாமி புறப்பாட்டின்போது கட்டியம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகழ்ந்து அறிவிக்க வேண்டியவன், திரைக்குப் பின்னால் நின்று பாடும் துரியோதனனிடம் "நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு இந்தச் சத்தம்?" என்று கேட்கிறான். தேவைப்பட்டால் அவனே காவலாளி, அவனே வேலைக்காரி. இதே பெயரில் சீவக சிந்தாமணியில் ஓர் அமைச்சன் இருக்கிறான், சச்சந்தனைக் கொன்று அரியணையைப் பிடித்தவன். அந்தக் கட்டியங்காரனுக்கும் இந்தக் கட்டியங்காரனுக்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும், ராஜாவுக்கு மிக அருகில் நிற்கிற இருவருக்கும் ஒரே பெயர் என்பதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் இந்த வேலை விதூஷகனுக்கு. மற்றவர்கள் சமஸ்கிருதத்தில் பேசிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மலையாளத்தில் விளக்கி, அறம், பொருள், இன்பம், வீடு என்கிற நான்கு புருஷார்த்தங்களைப் புரட்டிப்போட்டு, சாப்பாடு, ராஜசேவை, கேளிக்கை, ஏமாற்று என்று நாளும் பொழுதுமாக விவரிப்பான். கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து இதைச் செய்வான் என்பதுதான் விசேஷம். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

எங்கள் பக்கம் இந்தச் சொல் மேடையிலிருந்து போனது எப்படி என்று யோசித்தால், குற்றவாளி ஒரு ஆங்கிலச் சொல். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகங்களில் கோமாளிக்குப் பெயர் பபூன். கேட்டால் குரங்கு ஞாபகம் வரும், ஆனால் குரங்கு இல்லை. கோமாளியைக் குறிக்கும் buffoon என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் இப்படி ஆனது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நாடக நடிகர் சங்கங்களில் பபூன் வேஷக்காரர்கள் தனி வகை. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, கதை தொடங்குவதற்கு முன்னால் இரவு பத்து மணி வாக்கில் பபூன் தனியாக வந்து நின்று பேசுவார். ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்வார், நாடகம் வைத்தவர்களுக்கு நன்றி சொல்வார், சத்தம் போடும் இளவட்டங்களை அடக்குவார். பிறகு டான்ஸ் ஆடும் பெண் வருவார், இருவரும் வாய்ச்சண்டை போடுவார்கள். முருகன் வருவதற்குள் நள்ளிரவைத் தொட்டுவிடும். மேலட்டூர்க் கோணங்கி நிற்கிற அதே இடம், அதே வேலை. குல்லா மட்டும்தான் இல்லை.

ஆச்சி பபூனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். கோணங்கித்தனம் பண்ணுகிறான் என்று அவரைச் சொல்லவே மாட்டாள். அவர் பிழைப்புக்குச் செய்கிறார், நாங்கள் சும்மா செய்கிறோம், அதுதான் வித்தியாசம் என்று ஒருமுறை சொன்னாள். நாடக நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படங்களுக்குப் பக்கத்திலேயே பபூனின் படமும் ஊர்ப் பெயரோடு அச்சாகி வரும். திருவிழா முடிந்த பிறகும் டீக்கடைச் சுவரில் அது மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.